காய்ந்த புல்லை மேயும் கன்றுகளுக்குக் கூடுதல் தீவனம் எது?

ஆனேக்கல் வாசி:
எனக்குப் பெங்களூரில் வேலை. ஆனேக்கல் அருகே உள்ள குடும்ப நிலத்தில் ஹள்ளிகார் என்ற நாட்டு மாட்டு இனக் கன்றுகள் சிலவற்றை வளர்க்கிறோம். அவை காட்டி சுப்பிரமணியா மாட்டுச் சந்தையில் வாங்கியவை. ஒவ்வொன்றும் இப்போது இருநூறு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஏரிக்கரையிலும் கோமாள நிலத்திலும் (ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்) பகல் முழுவதும் மேய்ந்துவிட்டு வந்தாலும், பிப்ரவரியில் புல் காய்ந்தது முதல் விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. தீவனக் கடையில் மக்காச்சோள மாவைப் பரிந்துரைக்கிறார்கள். அது சரியா?

கால்நடைத் துறையில் இருந்தவன்:
முதலில் சாணத்தைப் பாருங்கள். அது இறுகி, அடுக்கடுக்காக மேடுகட்டி விழுந்தால் குறைவது புரதம். காய்ந்த புல்லில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பெருக முடியாமல் தின்ற புல் அங்கேயே தேங்குகிறது. வயிறு நிறைந்திருப்பதுபோல் தெரிந்தும் மாடு இளைப்பது இதனால்தான். அந்த நிலையில் மக்காச்சோளத்தை அதிகமாகக் கொடுத்தால் மாவுச்சத்து புளித்து அமிலம் கூடி, நார்ச் செரிமானம் இன்னும் மந்தமாகும். கடைக்காரருக்கு அது நல்ல வியாபாரம், அவ்வளவுதான்.

உங்கள் கன்றுகளுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ கடலைப் புண்ணாக்கு போதும். தினமும் வைக்க ஆள் இல்லையென்றால் இரண்டு நாள் பங்கையும் சேர்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். பலன் பெரிதாகக் குறையாது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மட்டும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள்.

சர்ஜாபுரத்துக்காரி:
ஐயா சொல்வது காய்ந்த புல்லாவது தாராளமாக இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். எங்கள் பக்கத்துக் கோமாளத்தில் மார்ச் மாதம் மண்தான் மிஞ்சுகிறது. அங்கே புண்ணாக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை. வயிற்றை நிரப்ப வேறு ஏதாவது வேண்டும். நாங்கள் கேழ்வரகுத் தாளை யூரியா தெளித்துப் பதப்படுத்துகிறோம்: 100 கிலோ தாளுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடிவைக்க வேண்டும். பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி ஆறிய பிறகே போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைப்பது உயிருக்கே ஆபத்து.

கால்நடைத் துறையில் இருந்தவன்:
அம்மா சொன்ன திருத்தம் நியாயமானது. புண்ணாக்கை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம் என்றேன். யூரியா கலந்த எதற்கும் அந்தக் கணக்கு செல்லாது, சிறிதளவாகத் தினமும்தான் போக வேண்டும்.

ஆனேக்கல் வாசி:
நன்றி. சாணம் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. புல்லும் ஏரிக்கரையில் இன்னும் முழங்கால் உயரம் நிற்கிறது, ஆகவே புண்ணாக்கில் தொடங்குகிறேன். இரண்டு கன்றுகள் எலும்புத் துண்டுகளைக் கடித்துக்கொண்டே இருக்கின்றனவே, அது ஏன்?

கால்நடைத் துறையில் இருந்தவன்:
பெரும்பாலும் பாஸ்பரஸ் குறைவு. தாது உப்புக் கலவையை நாளொன்றுக்கு 30 கிராம் அளவில் புண்ணாக்கோடு சேர்த்துக் கொடுங்கள். ஆடுகோடியில் உள்ள தேசிய விலங்கு ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் அந்தந்த வட்டாரத்தின் குறைக்கேற்ற தாதுக் கலவைகளை உருவாக்கியிருக்கிறது. உங்கள் பகுதிக்கு உரியதை அங்கே விசாரியுங்கள். அதுவரை எலும்புகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். செத்த விலங்கின் எலும்பாக இருந்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வந்து, தசைகள் செயலிழந்து மாடு படுத்துவிடும்.