நீலகிரிப் புல்வெளியில் கண்டவை இரு இனங்களா, ஒரே இனமா?

கேள்வி:
வணக்கம். சென்ற வாரம் உதகைக்கு மேற்கே, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு புல்வெளிச் சரிவில், கரும்புள்ளிகள் நிறைந்த செம்மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று, முன்சிறகின் நுனி கறுத்து அதன் குறுக்கே வெள்ளைப் பட்டை ஓடிய இன்னொன்றை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. முதலாவதைக் காமன் லெப்பர்ட் என்றும், மற்றதைச் சமவெளியில் எருக்கஞ்செடிகளைச் சுற்றி நாம் அன்றாடம் காணும் வெந்தய வரியன் என்றும் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஆயினும், வேற்றினத்தை ஒரு பூச்சி பத்து நிமிடம் துரத்துமா என்ற ஐயம் நீங்கவில்லை. ஒரு படத்தைத் தவிர மற்றவை யாவும் விரித்த சிறகின் மேற்புறத்தையே காட்டுகின்றன.

பதில் 1:
தங்கள் ஐயம் சரியானதே. அவை இரண்டும் இந்தியன் ஃப்ரிட்டிலரி (அர்கின்னிஸ் ஹைபர்பியஸ்) என்னும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்று கருதுகிறேன். எருக்கின் நச்சுப்பாலை உண்டு வளரும் வெந்தய வரியனைப் பறவைகள் பெரும்பாலும் தவிர்த்துவிடுவதால், நஞ்சில்லாத இந்தப் பெண் பூச்சி அதன் தோற்றத்தை ஒத்திருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆணுக்கு அந்த ஒப்புமை இல்லை. வரியனின் கறுத்த தலையிலும் மார்பிலும் வெண்புள்ளிகள் தெளிவாகத் தெரியும், பின்சிறகின் நடுவே மூன்று நான்கு கரும்புள்ளிகளே இருக்கும். ஃப்ரிட்டிலரிப் பெண்ணுக்கோ பின்சிறகு முழுவதும் புள்ளிகள். ஆணைப் பொறுத்தவரை, பின்சிறகின் விளிம்பில் நீலம் பாய்ந்த கரும்பட்டை உள்ளதா என்று பாருங்கள். காமன் லெப்பர்ட்டுக்கு அது கிடையாது, உருவமும் சிறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்சிறகின் அடிப்புறத்தில் வெள்ளித் திட்டுகள் தென்பட்டால் அதன்பின் ஐயத்துக்கே இடமில்லை. மேற்புறத்தை மட்டும் நம்பி இனம் குறிப்பதை நான் பல ஆண்டுகளுக்கு முன்பே விட்டுவிட்டேன்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்த ஃப்ரிட்டிலரியின் புழு வயோலாச் செடிகளை உண்பது. தரையோடு படர்ந்து சிறிய ஊதாப் பூக்கள் பூக்கும் அச்செடி திறந்த புல்வெளி ஓரங்களில் வளர்கிறது. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மூடிவிட்ட சரிவுகளில் அதற்கு வெளிச்சம் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் கவலை. ஜப்பானில் இதே இனத்தின் புழு தோட்டத்துப் பான்சிச் செடிகளையும் தின்கிறது. ஆகவே உதகையின் பூந்தொட்டிகளையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. முதுகில் செம்பட்டை ஓடும், முட்கள் நிறைந்த கரிய புழு அது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பக்கவாட்டில் எடுத்த அந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணின் பின்சிறகின் அடிப்புறத்தில் வெள்ளித் திட்டுகள் தெளிவாகவே உள்ளன. குறிப்பேட்டைத் திருத்திவிட்டேன். அந்தப் பெண் பிறகு பூக்களை நாடாமல் புல்லடியிலேயே தாழ்வாகப் பறந்து அடிக்கடி தரையில் இறங்கியதன் காரணமும் இப்போது விளங்குகிறது: முட்டையிட வயோலாவைத் தேடியிருக்க வேண்டும். வரும் ஞாயிறன்று அதே சரிவில் வயோலாவைத் தேடப் போகிறேன்.