நிலக்கரி ஓய்ந்த பள்ளத்தாக்கில் நடந்தவர்கள்: மட்டக்களப்பு நடைக் குழுவினரின் அனுபவப் பகிர்வு

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், கல்லடி:

பிள்ளைகளைப் பார்க்கப் பிரித்தானியாவுக்குப் போய்வரும் நம் குழுவினர் பெரும்பாலும் இலண்டனையும் அங்குள்ள கோயில்களையும் பற்றியே எழுதுகிறார்கள். மகள் கார்டிஃபில் இருப்பதால் எனக்குத் தென் வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு தொழில் ஒரு நிலத்தை எப்படி மாற்றுகிறது, அந்தத் தொழில் போன பிறகு அந்த நிலத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் நடந்தே விடை காணக்கூடிய இடம் அது. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் நடந்தது ரொண்டாவில். பெரிய ரொண்டா, சின்ன ரொண்டா என்று இரண்டு ஆறுகளின் பெயரால் அழைக்கப்படும் இரண்டு பள்ளத்தாக்குகள் பொர்த் என்னும் ஊரில் ஒன்று சேர்கின்றன. 1851இல் அங்கு ஆயிரம் பேர்கூட வாழவில்லை. செம்மறி வளர்ப்போரின் பண்ணைகளே சிதறிக் கிடந்தன. 1855இல் ட்ரெஹெர்பெர்ட் என்னும் இடத்தில் எடுத்த கரி முதன்முறையாகக் கார்டிஃபுக்கு இறங்கியது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பள்ளத்தாக்கின் மக்கள்தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டிவிட்டது. புகை குறைவாகவும் சூடு அதிகமாகவும் எரிகிற கரி என்பதால் பிரித்தானியக் கடற்படை இதையே விரும்பி வாங்கியது. 1928இல் நமது ஊருக்குப் பாதை திறந்தபோது வந்த ரயிலைக் கரிக்கோச்சி என்று சொல்லி வளர்ந்த நாம், கரி எங்கிருந்து, யாருடைய உழைப்பால் வருகிறது என்று கேட்டுப் பார்த்ததில்லை. இலங்கை மண்ணில் கரிச்சுரங்கம் இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்கு இன்றும் கரி கப்பலில்தான் வருகிறது.

முதலில் ட்ரெஹாவொட் நிலையத்தில் இறங்கினேன். 1983இல் மூடப்பட்ட லூயிஸ் மெர்தர் சுரங்கத்தை அங்கு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பெர்ட்டி, ட்ரெவர் என்று முதலாளியின் இரு மகன்களின் பெயரைத் தாங்கிய இரண்டு சுரங்க வாய்களின் மேலும் இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. எங்களை அழைத்துச் சென்றவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். அவர் கையில் இருந்த பித்தளைப் பாதுகாப்பு விளக்கை அருகில் வைத்துக் காட்டினார். ஹம்ஃப்ரி டேவி 1815இல் உருவாக்கிய விளக்கின் வழிவந்தது அது. சுடரைச் சுற்றியுள்ள நுண்ணிய கம்பி வலை வெப்பத்தை உள்வாங்கிவிடுவதால் வெளியிலுள்ள வாயு தீப்பற்றுவதில்லை. திரியை மெல்லத் தணித்துச் சுடரை மிகச் சிறிதாக்கிய அவர், மீதேன் கலந்த காற்றில் அந்தச் சுடரின் மேல் வெளிறிய நீலத்தில் ஒரு தொப்பி எழும் என்றும், அதன் உயரத்தைப் பார்த்தே வாயுவின் அளவை மதிப்பிட்டார்கள் என்றும், ஒட்சிசன் குறைந்தால் சுடர் தானே அணைந்து எச்சரிக்கும் என்றும் பொறுமையாக விளக்கினார். அருகிலுள்ள அபர் பள்ளத்தாக்கின் செங்ஹெனித் ஊரில் 1913 ஒக்டோபர் 14ஆம் திகதி நடந்த வெடிப்பில் 439 தொழிலாளரும் அவர்களை மீட்கச் சென்ற ஒருவரும் இறந்ததை அவர் சொன்ன பிறகு, அந்தச் சிறு சுடரைப் பார்க்கும் பார்வையே எங்களுக்கு மாறிவிட்டது.

அங்கிருந்து டோனிபாண்டிக்குச் சென்று, கிளிடாக் வேல் நோக்கி ஏறத் தொடங்கினேன். சரிவின் குறுக்கே வரிசை வரிசையாகக் கல் வீடுகள் ஒட்டி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்க்கையில் நமது மலையகத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களைப் போலவே தோன்றும். கிட்டப் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசலும், மாடியும், பின்புறம் சிறு தோட்டமும் இருக்கின்றன. தொழிலாளர் பலர் கட்டடச் சங்கங்களில் சேர்ந்து மாதாமாதம் பணம் கட்டி அந்த வீடுகளைத் தமக்கே சொந்தமாக்கிக்கொண்டார்கள் என்று அறிந்தபோது, சுரங்கங்கள் மூடிய பிறகும் இந்த ஊர்கள் கலைந்து போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் பட்டது. வேலை போனாலும் வீடு அவர்களுடையதாகவே இருந்தது. நமது தோட்டத் தொழிலாளரின் நிலையை நினைத்து மனம் கனத்தது.

டோனிபாண்டியின் பெயர் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றது 1910இல். புதிய கரிப்படுகை ஒன்றில் தொன்னுக்கு எவ்வளவு கூலி என்பதில் தொடங்கிய தகராறு முற்றி, கேம்ப்ரியன் நிறுவனச் சுரங்கங்களின் ஏறத்தாழ 12,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நவம்பர் மாதம் தெருக்களில் மோதல் வெடித்தபோது உள்துறைச் செயலாளராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் இலண்டன் பொலிசாரையும் பின்னர் படையினரையும் அனுப்பினார். உலகம் அவரைப் போர்க்காலத் தலைவராகப் போற்றினாலும் இந்தப் பள்ளத்தாக்கின் மூத்தவர்கள் அந்த நவம்பரை மன்னிக்கவில்லை.

ஏற்றத்தின் முடிவில் இரண்டு குளங்களும் பசும்புல்லும் சூழ்ந்த பூங்கா வருகிறது. 1965 மே 17ஆம் திகதி வெடிப்பில் 31 பேர் இறந்த கேம்ப்ரியன் சுரங்கம் இருந்த இடம் அது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாராக்கள் நீந்துகின்றன, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் மேலே சரிவில் ஏறிக் கவனித்துப் பார்த்தால் நிலம் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறது. புல் தேய்ந்த இடங்களில் மண்ணுக்குப் பதிலாகக் கறுத்த, தட்டையான கற்சில்லுகள் கிடக்கின்றன. கையில் எடுத்தால் விரலில் கரி படிகிறது. கரியோடு வெளியே வந்த கழிவுக் கல்லைக் குவித்த மேடுகள் அவை. அவற்றின் மேல் முதலில் வேர்பிடிப்பது வெள்ளிப் பூர்ச்ச மரமும், செந்நீலப் பூப்பூக்கும் குற்றுச்செடிகளும்தான்.

அந்த மேட்டுப் பாதையில் நாயோடு நடந்துவந்த முதியவர் ஒருவர் நின்று பேசினார். நான் இலங்கையிலிருந்து வந்தவன் என்று அறிந்ததும், "அங்கேயும் மழை அதிகமா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. மழைக்கும் அவருடைய பயத்துக்கும் தொடர்பு இருந்தது. 2020 பெப்ரவரியில் அடித்த புயல் மழையில் சின்ன ரொண்டாவின் டைலர்ஸ்டவுனுக்கு மேலிருந்த கழிவு மேட்டிலிருந்து ஏறத்தாழ 60,000 தொன் சரிந்து ஆற்றை மறித்தது, உயிர்ச்சேதம் இல்லை. வேல்ஸ் முழுவதும் இப்படிக் கைவிடப்பட்ட மேடுகள் 2,500க்கும் அதிகம். அவற்றுக்கென்றே 2025இல் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். மேட்டின் அடிவாரத்தில் புதிதாக நீர் கசிகிறதா, வெட்டிவிட்ட வடிகாலில் இலைதழை அடைத்திருக்கிறதா, சரிவில் வெடிப்பு ஓடுகிறதா, நேராக வளர்ந்த மரம் சாய்ந்திருக்கிறதா என்று நடக்கும்போதெல்லாம் பார்த்துப் பழகிவிட்டதாக அவர் சொன்னார். அவர் காட்டிய வடிகாலில் தண்ணீர் தெளிவாக ஓடியது. அதைப் பார்த்த பிறகே அவர் நாயை அழைத்துக்கொண்டு இறங்கினார்.

அந்தப் பசுமை தானாக வந்தது அல்ல என்பதையே நான் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சரிவைச் சீர்செய்து, வடிகால் வெட்டி, மரம் நட்டு, சுரங்க வாய்களைக் கொங்கிறீற்றால் மூடி, இன்றுவரை காவல் காக்கிறார்கள்; அந்தச் செலவைக் கரியால் இலாபம் கண்டவர்கள் தரவில்லை, பொதுமக்களின் வரிப்பணம் தருகிறது. வாகரையிலும் திருக்கோவிலிலும் கனிய மணல் அகழ்வை எதிர்த்து நம் மக்கள் குரல் கொடுத்தபோது, அகழ்ந்து முடித்த பிறகு அந்தக் கரையை யார், எத்தனை தலைமுறைக்குப் பராமரிப்பது என்ற கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்று அந்த மேட்டில் நின்றபோது நினைத்தேன்.

தாதிய உத்தியோகத்தர், கல்முனை:

ஆசிரியர் சேர் நிலத்தைப் பற்றி எழுதிவிட்டார். நான் மனிதர்களைப் பற்றிச் சேர்க்கிறேன். தென் வேல்ஸ் மருத்துவமனை ஒன்றின் சுவாச நோய்ப் பிரிவில் சில காலம் வேலை செய்தேன். முதியவர்களின் கைகளிலும் நெற்றியிலும் பச்சை குத்தியது போன்ற நீலக் கோடுகள் இருப்பதைக் கண்டு, அது ஏதோ தோல் வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். சுரங்கத்தில் கல் பட்டுக் கிழித்த காயம் ஆறும்போது உள்ளே சிக்கிக்கொண்ட கரித்தூள் அது. ஆயுள் முழுவதும் போகாது. ஒருவர் தன் புறங்கையிலிருந்த ஒவ்வொரு கோடும் எந்தச் சுரங்கத்தில், யாரோடு வேலை செய்தபோது பட்டது என்று எனக்கு வரிசையாகச் சொன்னார். அந்தத் தோழர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை.

வெளியே தெரியும் கோடு அவர்களைக் கொல்லவில்லை. நுண்ணிய தூசி நுரையீரலின் ஆழத்தில் படிந்து, திசுவைத் தடிக்கவைத்து, மூச்சை மெல்ல மெல்லச் சுருக்கிவிடும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் அது முற்றலாம். படிந்த தூசியை எடுக்க மருந்து இல்லை. ஒட்சிசன் குழாயோடு நான்கு தலையணைகளில் சாய்ந்தபடி இரவு முழுவதும் உட்கார்ந்தே கழிப்பார்கள். மூச்சு நோய்களுக்குச் சுரங்க நிர்வாகம் பொறுப்பு என்று 1998இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீட்டுக்கு வழி திறந்தது. அதைப் பெறும் முன்னரே பலர் போய்விட்டார்கள் என்று மனைவிமார் சொல்வார்கள். அந்தப் பெண்களின் மனத்திடத்தை நான் மறக்க மாட்டேன். 1984ஆம் ஆண்டு தொடங்கி ஒரு வருடம் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பொதுச் சமையல் வைத்து ஊர் முழுவதற்கும் சோறு போட்டவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் கருங்கல் உடைப்பவர்களும் அரிசி ஆலைகளில் உமித்தூசியில் நிற்பவர்களும் முகத்தில் ஒரு சால்வைத் துணியைக் கட்டிக்கொண்டே வேலை செய்கிறார்கள். சால்வை நுண்தூசியைத் தடுக்காது. இதைப் படிக்கும் யாராவது ஆலை நடத்துபவராக இருந்தால், தயவுசெய்து தகுந்த முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

வங்கி உத்தியோகத்தர், நாவலடியைச் சேர்ந்தவர்:

கார்டிஃபிலிருந்து வடக்கே ப்ரெக்கன் வரை டாஃப் ஆற்றை ஒட்டிச் செல்லும் நடைபாதை அபர்வான் ஊரைத் தாண்டிப் போகிறது. அண்ணனோடு அந்தப் பாதையில் நடந்தபோது கீழே இறங்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

1966 ஒக்டோபர் 21ஆம் திகதி காலை 9.15 மணியளவில், மலைமேல் ஊற்று நீரின் மீதே குவித்து வைத்திருந்த ஏழாம் இலக்கக் கழிவு மேடு, நாட்கணக்கில் பெய்த மழையில் ஊறிக் குழம்பாகி ஊருக்குள் பாய்ந்தது. பான்ற்க்ளாஸ் ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகள் அப்போதுதான் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் 144 பேர். அவர்களில் 116 பேர் சிறுவர்கள். மேட்டைப் பற்றிப் பெற்றோரும் உள்ளூர் அதிகாரிகளும் முன்கூட்டியே முறையிட்டிருந்தார்கள். விசாரணை மன்றம், சுரங்கங்களை நடத்திய அரசு நிறுவனமான தேசிய நிலக்கரிச் சபையே குற்றவாளி என்று முடிவு சொன்னது. ஆயினும் எஞ்சிய மேடுகளை அகற்றும் செலவுக்காக, உலகெங்கும் இருந்து மக்கள் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுண்களை எடுத்துக்கொண்டார்கள். 1997இல்தான் அரசு அதைத் திருப்பிக் கொடுத்தது, அதுவும் வட்டியில்லாமல். பிள்ளைகளை இழந்தவர்களிடமே கழிவை அள்ளும் கூலியையும் வாங்கியதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

பாடசாலை இருந்த இடம் இன்று நினைவுத் தோட்டம்; வகுப்பறைகளின் சுவர்கள் இருந்த கோட்டிலேயே தாழ்வான சுவர்களைக் கட்டியிருக்கிறார்கள். மலைச்சரிவிலுள்ள மயானத்தில் வெள்ளை வளைவுகள் நீள வரிசையாக நிற்கின்றன. அங்கே பூச்சாடி துடைத்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் எங்களைப் பார்த்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். மட்டக்களப்பு என்றதும் விளங்காமல் நின்றவருக்கு, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்த ஊர் என்று அண்ணன் சொன்னார். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரின் கைகளையும் பிடித்துக்கொண்டார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பெயர்களைச் சொல்லச் சொன்னார். நாங்கள் சொன்னோம், அவரும் தன் தம்பியின் பெயரைச் சொன்னார். பாதுகாக்கும் பொறுப்பில் இருந்தவர்களைப் பற்றி அவருக்கு இருந்த கோபம் கடலின்மேல் எங்களுக்கு வர வழியில்லை என்பதை அண்ணன் பின்னர் பாதையில் சொன்னார். அது சரியான பேச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது: அபர்வானில் நடந்தது தடுத்திருக்கக் கூடியது.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், கல்லடி:

அக்கரைப்பற்றிலிருந்து தங்கச்சி ஒருவர், மகனைப் பார்க்கப் போகும்போது தானும் நடக்கலாமா, வழி தெரியுமா என்று கேட்டிருந்தார். தாராளமாக நடக்கலாம். கார்டிஃப் மத்திய நிலையத்தில் ட்ரெஹெர்பெர்ட் செல்லும் ரயிலில் ஏறினால் ட்ரெஹாவொட், பொர்த், டோனிபாண்டி, ட்ரெஓர்கி எல்லாம் அந்த வழியிலேயே வரும். ஏற்றம் செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் பூங்கா வரை பஸ்ஸில் போய்க் குளத்தைச் சுற்றி நடந்தால் போதும். மழை எந்த மாதத்திலும் வரும். குடையைக் காற்று திருப்பிவிடும், ஆகையால் மழை அங்கியும், கணுக்கால் மறைக்கும் சப்பாத்தும் அவசியம். அந்நாட்டு அளவைத் திணைக்கள வரைபடத்தில் கைவிடப்பட்ட சுரங்க வாய்களும் கழிவு மேடுகளும் பல இடங்களில் குறிக்கப்பட்டிருக்கும். குறியிட்ட பாதையை விட்டு விலகாமல், வேலியிட்ட இடங்களுக்குள் போகாமல் நடக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் ஓடை கண்டால் அதில் கால் நனைக்க வேண்டாம்: நீர் இறைக்கும் பம்பிகள் நின்ற பிறகு நிரம்பிய சுரங்கங்களிலிருந்து இரும்பு கரைந்து வருகிற நீர் அது. சில இடங்களில் அந்த நீரைத் தடாகங்களில் தேக்கி இரும்பைப் படியவிட்டு, நாணல் படுகைகளின் ஊடாக வடித்த பிறகே ஆற்றில் விடுகிறார்கள்; அப்படியொரு படுகை வழியில் இருந்தால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். நிலத்துக்குள் இறங்கவும் விருப்பம் இருந்தால் ப்ளெனாவனிலுள்ள பிக் பிட் அருங்காட்சியகத்தில் 90 மீற்றர் ஆழத்துக்குச் சுரங்கத் தூக்கியின் கூண்டில் இறக்குவார்கள். கைத்தொலைபேசி, மின்கலக் கடிகாரம், தீப்பெட்டி ஆகியவற்றை மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதை மகனிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.