சம்மன் வந்திருக்கிறது, அப்பா இரண்டாம் பிரதிவாதியாம். என்ன செய்வது?

கெடிலக்கரை:
வணக்கம். நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். போன வாரம் கோர்ட்டு ஆள் ஒருவர் வந்து ஒரு கட்டுக் காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அப்போது சென்னையில் தம்பி வீட்டில் இருந்ததால் அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார். பிரித்துப் பார்த்தால், பண்ருட்டிப் பக்கம் தாத்தா விட்டுப்போன முந்திரித் தோப்பில் பாகம் கேட்டு, காலமான சித்தப்பாவின் மகன் வழக்குப் போட்டிருக்கிறார். அப்பா இரண்டாம் பிரதிவாதி, அத்தை மூன்றாம் பிரதிவாதி. ஓ.எஸ். என்று ஒரு நம்பர், ஐ.ஏ. என்று இன்னொரு நம்பர், “இடைக்கால உறுத்துக்கட்டளை” என்று ஒரு வரி.

“நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று அப்பா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோ, பெண்கள் வாங்கிய சம்மன் செல்லாது, பேசாமல் இருங்கள் என்கிறார். அப்பாவுக்கு மூட்டுவலி வேறு. வாய்தா தேதிக்கு அவரே போய் நிற்க வேண்டுமா?

நெய்வேலிக்காரன்:
வாங்கியதே தப்பு. ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால் கேஸ் அப்படியே கிடக்கும்.

பழைய குமாஸ்தா:
நெய்வேலித் தம்பி சொல்வதைக் கேட்டு எத்தனையோ பேர் நிலத்தை விட்டிருக்கிறார்கள். வாங்க மறுத்தால், சம்மன் கொண்டுவரும் கோர்ட்டு அமீனா கதவில் ஒட்டிவிட்டுப் போவார், கோர்ட்டு அதையே சார்பு செய்ததாக, அதாவது உங்களிடம் சேர்த்ததாக, எடுத்துக்கொள்ளும்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இது சிவில் வழக்கு. போலீசும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. பாகப்பிரிவினை வழக்கில் பங்குள்ள எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். கேட்பவர் வாதி, மற்ற பங்காளிகள் எல்லோரும் பிரதிவாதி, அவ்வளவுதான். அப்பாவும் அதே வழக்கில் தன் பங்குக்கு உரிய கோர்ட்டுக் கட்டணத்தைக் கட்டி, என் பாகத்தையும் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம்.

அம்மா வாங்கியது செல்லும். ஆள் ஊரில் இல்லாதபோது கூட இருக்கும் வயதுவந்த குடும்பத்தார் யார் வாங்கினாலும் போதும், ஆணா பெண்ணா என்று சட்டம் பார்ப்பதில்லை. வேலைக்காரரிடம் கொடுத்தால்தான் செல்லாது.

ஆகவே அம்மா கையெழுத்துப் போட்ட தேதியை முதலில் குறித்து வையுங்கள். எதிர்வழக்குரை, அதாவது வழக்குக்கு எழுத்தில் கொடுக்கும் பதில், போட அன்றிலிருந்து 30 நாள். காரணம் சொல்லிக் கேட்டால் 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். சம்மனில் உள்ள தேதியில் கோர்ட்டுச் சேவகரான டவாலி பெயரைக் கூப்பிடுவார். யாரும் ஆஜராகாவிட்டால் “எக்ஸ்பார்ட்டி” என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் வாதி சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யச் சொல்லித் தீர்ப்பாணை தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனுப் போடலாம். அதுவும் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்குத் தனி வாய்தா. என் மேசையில் பாதிக் கட்டு இந்த மாதிரி மனுக்கள்தான்.

மூட்டுவலிக்காரர் அலைய வேண்டாம். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வக்கீல் ஆஜராவார். சாட்சி சொல்லும்போதுதான் அப்பா நேரில் வர வேண்டும். அவர் தன் தரப்பைச் சொல்லும் முதல் விசாரணையைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிடலாம், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் குறுக்கு விசாரணைக்குத்தான் கூண்டு ஏற வேண்டியிருக்கும்.

ஓ.எஸ். என்பது மூல வழக்கு. ஐ.ஏ. என்பது அதற்குள் போடும் இடைக்கால மனு. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் போட வேண்டும், ஐ.ஏ.வை மறந்துவிடாதீர்கள். கட்டில் உத்தரவு நகல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உறுத்துக்கட்டளை, அதாவது தடை, ஏற்கெனவே வந்துவிட்டது. “ஏன் பிறப்பிக்கக் கூடாது” என்ற நோட்டீஸ் மட்டும் இருந்தால் இன்னும் வரவில்லை.

அத்தையிடம் பணம் இல்லையென்றால், கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கட்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

உப்பளம் வாசி:
எங்கள் குடும்ப வழக்கு புதுச்சேரியில் நடந்தது. கோர்ட்டு அங்கே என்றாலும் அப்பீல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான். கொள்ளுத்தாத்தா காலத்துப் பத்திரம் பிரெஞ்சில் இருந்ததால், அதை மொழிபெயர்த்துச் சான்றாவணமாகக் குறியீடு செய்யவே தனி அலைச்சல்.

சொல்ல வந்தது வேறு. முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த அன்றே பெரியப்பா தெருவுக்கே லட்டுக் கொடுத்துவிட்டார். அதில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று மட்டும்தான் இருந்தது, எந்த மூலை யாருக்கு என்று இல்லை. அதற்கு இறுதித் தீர்ப்பாணை கேட்டு மறுபடி மனு, கோர்ட்டு அனுப்பும் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து அளப்பது எல்லாம் இருக்கிறது. முடிந்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடியுங்கள். வாதி கட்டிய கட்டணம் திரும்பி வரும், அதற்கு மேல் அப்பீலும் கிடையாது.

கெடிலக்கரை:
நன்றி ஐயா. உத்தரவு நகல் இருக்கிறது. விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று போட்டிருக்கிறது. தோப்பு இப்போது அப்பா கையில்தான். அப்படியென்றால் கொட்டை பொறுக்கலாமா?

பழைய குமாஸ்தா:
உத்தரவில் அவ்வளவுதான் இருந்தால் மகசூல் எடுக்கத் தடை இல்லை. ஆனால் மரத்தை வெட்டாதீர்கள், பட்டுப்போன மரமாக இருந்தாலும். கொட்டை எத்தனை மூட்டை, யாரிடம் என்ன விலைக்குப் போட்டீர்கள், பொறுக்கிய ஆளுக்குக் கூலி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி, வியாபாரியிடம் சீட்டும் வாங்கி வையுங்கள். வழக்கு முடியும்போது வாதி வருமானத்திலும் பங்கு கேட்பார். அப்போது கணக்கு இல்லாதவர் பேச்சு எடுபடாது. சரி, அந்தத் தீர்ப்பாணை, தடையெல்லாம் இருக்கட்டும், வக்காலத்து என்றைக்குப் போடுகிறீர்கள்?