மறு: ‘ஸ்கேவஞ்சர்’ – துப்புரவியா, பறிப்பியா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். கழிவுநீரைக் கதிரால் சுத்திகரிக்கும் துறையின் சொற்களுக்குத் தமிழ் தேடும் இழைக்கு என் மறுமொழி இது. ‘ரேடியாலிசிஸ்’ (கதிராற்பகுப்பு) என்பது கதிரால் மூலக்கூறை உடைப்பது; ‘ஸ்கேவஞ்சர்’ என்பது அப்போது பிறக்கும் வினைத்துண்டுகளை வழியிலேயே பிடித்துக்கொள்ளும் பொருள்.

> கதிராற்பகுப்பு சரி. ஸ்கேவஞ்சருக்குத் ‘துப்புரவி’ என்றே வைத்துவிடலாமே?

கதிராற்பகுப்பில் எனக்கும் மறுப்பில்லை. மின்னாற்பகுப்பு, நீராற்பகுப்பு என்று பள்ளியிலேயே படித்த வரிசையில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. துப்புரவிதான் இடிக்கிறது.

சாயக் கழிவுநீரில் எலக்ட்ரான் கற்றையையோ கோபால்ட்-60இன் காமாக் கதிரையோ செலுத்தும்போது, அது நேராகப் போய்ச் சாய மூலக்கூறை உடைப்பதில்லை. ஆற்றலில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தண்ணீர்தான். தண்ணீர் உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பும் (‘ஃப்ரீ ராடிக்கல்’, இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துண்டு) நீரேறிய எலக்ட்ரானும் (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த எலக்ட்ரான்) பிறக்கின்றன. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் அணு. மாசைத் தாக்குபவை இவை. ஒரு ஜூலுக்கு ஏறத்தாழ 0.28 மைக்ரோமோல் ஹைட்ராக்சில் கிடைக்கும். அதாவது 1 கிலோகிரே (கிலோவுக்கு 1,000 ஜூல் கதிராற்றல்) கொடுத்தால் லிட்டருக்கு 0.28 மில்லிமோல்.

எல்லாம் மாசுக்கே போய்ச் சேர்ந்தால் கணக்கு எளிது. சேராதே! ஒரு லிட்டரில் 10 மைக்ரோமோல் மாசு இருக்கிறது, அதன் வினைவேக மாறிலி (ஹைட்ராக்சிலுடன் எவ்வளவு விரைவாக வினைபுரியும் என்பதன் அளவு) 5×10⁹ என்று வைத்துக்கொள்ளுங்கள். செறிவை மோலில் எடுத்து இதனால் பெருக்கினால் நொடிக்கு 50,000. அதே நீரில் பைகார்பனேட் 5 மில்லிமோல், அதாவது லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம். கடினமான ஆழ்துளைக் கிணற்று நீரில் இது சாதாரணம். அதன் மாறிலி வெறும் 8.5×10⁶தான், ஆனால் ஆள் பலம் அதிகம்: நொடிக்கு 42,500. பாதிக்குச் சற்றுக் குறைவான ஹைட்ராக்சிலை வழியிலேயே பிடுங்கிக்கொள்கிறது. மாசு 1 மைக்ரோமோலாகக் குறையும்போது அதற்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு. கடைசிச் சொச்சத்தை அழிக்க ஏன் இவ்வளவு கதிர் செலவாகிறது என்பது இந்த ஒரு பெருக்கலிலேயே தெரிந்துவிடும்.

இந்தப் பைகார்பனேட் எதைத் துப்புரவு செய்தது? வழிப்பறி அல்லவா செய்தது!

இன்னொன்று. சாயம் உடைந்து வரும் துண்டுகளும் ஹைட்ராக்சிலுக்குப் போட்டி போடும். துப்புரவி என்று பெயர் வைத்தால் அழுக்கே துப்புரவி ஆகிவிடும். இந்தத் துண்டுகளை எல்லாம் கதிராலேயே கரியமில வாயு வரை கொண்டுபோவது கட்டுப்படியாகாது. தென்கொரியாவின் தேகு சாயத் தொழிற்பேட்டையில் நாளொன்றுக்கு 10,000 கனமீட்டர் கழிவுநீருக்கு எலக்ட்ரான் கற்றை ஆலை வைத்தபோது உயிரியல் சுத்திகரிப்பையும் அதனுடன் இணைத்ததில் வியப்பில்லை.

ஆகவே என் பரிந்துரை: பறிப்பி.

> பறிப்பி என்றால் கெட்டது என்ற தொனி வருகிறதே? ஆய்வகத்தில் நாமே வேண்டுமென்று சேர்க்கிறோமே.

நியாயமான கேள்வி. ஹைட்ராக்சிலை ஒதுக்கிவிட்டு எலக்ட்ரானின் வேலையை மட்டும் பார்க்க மூவிணைய பியூட்டனால் என்ற ஆல்கஹாலைச் சேர்க்கிறோம். நைட்ரஸ் ஆக்சைடை ஊதினால் அது எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சிலாக மாற்றித் தருகிறது, விளைச்சல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஆனால் இந்த இரண்டிலும் நடப்பது பறிப்புதானே? பூப்பறிப்பதும் பறிப்புதான். தொனி இடத்தைப் பொறுத்தது.

எனக்கு முக்கியம், சொல் கிளை விட வேண்டும் என்பது. பறிப்பு வினை, பறிப்புத் திறன் (மேலே பெருக்கிய அந்த நொடிக்கு 42,500தான்), ஹைட்ராக்சில் பறிப்பி, எலக்ட்ரான் பறிப்பி. கரைந்த ஆக்சிஜனும் நைட்ரேட்டும் பின்னதில் வரும். ‘துப்புரவுத் திறன்’ என்று எழுதினால் படிப்பவர் ஆலையின் திறன் என்றே நினைப்பார். ‘இடைமறிப்பான்’ என்று முன்பு ஒருவர் சொன்னதும் நல்ல சொல்தான், ஆனால் சமன்பாட்டுக்குக் கீழே பத்து முறை எழுதிப் பாருங்கள், கை வலிக்கும்.

அப்புறம், ‘சாம்பிள்’, ‘மாடல்’ இரண்டுக்கும் ‘மாதிரி’ என்றே எழுதுவது பற்றி. “மாதிரியை மாதிரியுடன் ஒப்பிட்டோம்” என்று சென்ற மடலில் ஒரு வரி வந்தது. குழாயில் பிடித்த நீர் எது, கணினியில் ஓடிய சமன்பாடு எது? இலங்கை நண்பர்கள் எழுதும் ‘மாதிரியுரு’வைக் கணினிப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, நீருக்கு மாதிரியை விட்டுவிடலாம்.

‘ஃப்ரீ ராடிக்கல்’லுக்குத் தனி உறுப்பு, சுயாதீன மூலிகம் இரண்டில் எது என்பதை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்கினால் நானும் வருகிறேன். பறிப்பிக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அன்புடன்