புதுப்பிப்பு: ஆளிவிதை கிராக்கர் ஒருவழியா மொறுமொறுன்னு வந்துடுச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, டீஹைட்ரேட்டர்ல (லேசான சூடான காத்துல உணவை உலர்த்துற மெஷின்) 46 டிகிரியில 12 மணி நேரம் வெச்சும் கிராக்கர் (மெல்லிசான உப்பு பிஸ்கட் மாதிரி) நடுவுல தோல் மாதிரி இழுக்குதுன்னு? தப்பு என்னோடதுதான். ஒரு கப் ஆளிவிதைக்கு ரெண்டரை கப் தண்ணி ஊத்தியிருக்கேன்!

இந்த முறை ஒன்றரை கப் ஊத்தி ராத்திரி ஊற வெச்சேன். காலையில பார்த்தா வெண்டைக்காய் கொழகொழப்பு, கரண்டியில தூக்கினா நூல் விடுது. தக்காளி, பூண்டு, உப்பு சேர்த்து ஷீட் மேல 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பினேன். 5 மணி நேரம் கழிச்சு ஷீட்டை உரிச்சு, வலைத்தட்டுல கவுத்துப் போட்டேன் (சொன்னவங்களுக்கு நன்றி). அடியிலயும் காத்து போச்சு. மொத்தம் 16 மணி நேரம். சூட்டைக் கூட்டக் கை துறுதுறுத்துச்சு. கூட்டினா அப்புறம் அது சமைக்காத பச்சை உணவா என்ன?

சென்னை ஈரக்காத்துல டப்பாவைத் திறந்து வெச்சா சாயங்காலமே நமுத்துடுது. மறுபடி ஒரு மணி நேரம் டீஹைட்ரேட்டர் உள்ள வெச்சா சரியாயிடுது.