குடியை விட்ட பின்னும் தீராத மனச்சோர்வு

கேள்வி (சாவகச்சேரி):
என் தம்பி கசிப்பை நிறுத்தி ஆறு கிழமைகள் ஆகின்றன. ஆனாலும் விடிய மூன்று மணிக்கே எழுந்து முற்றத்து மாமரத்தின் கீழ் இருந்துவிடுகிறான், அம்மா வைக்கும் பால்தேநீர் ஆடை படிந்து ஆறிப்போகிறது. குடியை விட்டால் மனமும் தானாகத் தெளியும் என்று அயலவர் சொல்வது சரிதானா?

மறுமொழி 1:
ஓரளவுக்கே சரி, சகோதரி. மதுவே உண்டாக்கிய சோர்வு பெரும்பாலும் மூன்று நான்கு கிழமைகளில் தணியத் தொடங்கும். ஒரு மாதம் கடந்தும் நீடித்தால் அது தனி நோயாக இருக்கக்கூடும் என்பதால், மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். குடிநோய்க்கும் சோர்வுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் என்றிருந்தால், மறுபடியும் போத்தலே மருந்தாகிவிடும். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு.

மறுமொழி 2:
என் கணவரைச் சோம்பேறி என்று ஏசியே நாங்கள் ஒரு வருடத்தை வீணாக்கினோம். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று தம்பியிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. உண்டென்றால் தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

கேட்டவர்:
நேற்றிரவு கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "ஓம் அக்கா" என்றான். இரவு முழுவதும் அருகிலேயே இருந்தேன். தோட்டத்துப் பூச்சிமருந்தை அப்பா அயல்வீட்டில் கொடுத்துவிட்டார். இப்போது தெல்லிப்பழைக்குப் புறப்படுகிறோம்.