ஐகான் டூல்: 'பேடிங்' விதியை ஏஜென்ட் பின்பற்ற எங்கே எழுதுவது?

வணக்கம். இணையதள ஐகான்களை உருவாக்கும் எம்சிபி டூல் (ஏஐ ஏஜென்ட், அதாவது தானே வேலை செய்யும் ஏஐ உதவியாளர், அழைத்துப் பயன்படுத்தும் கருவி) ஒன்றுக்கு டாக்குமென்டேஷன் எழுதுகிறோம். நோட்.ஜேஎஸ் 22, படங்களைக் கையாளும் ஷார்ப் லைப்ரரி. சென்னையில் உள்ள சிறு கடைகளின் தளங்களுக்கானது. லோகோ பெரும்பாலும் ஒற்றைத் தமிழ் எழுத்து.

போன மாதம் மாஸ்கபிள் ஐகான் (போன் தன் விருப்ப வடிவில் ஓரம் வெட்டிக் காட்டும் ஐகான்) சேர்த்ததிலிருந்து, ஏஜென்ட் ஒரே பேடிங் (லோகோவைச் சுற்றி விடும் வெற்றிடம்) மதிப்பை எல்லா அளவுக்கும் அனுப்புகிறது. மாஸ்கபிளில் (192, 512 பிக்சல்) லோகோ நடுவில் 80% விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டும், ஒவ்வொரு ஓரத்திலும் 10% இடம் தேவை. அதே 10 சதவீதத்தை 16 பிக்சலில் நாலு பக்கமும் விட்டால் எழுத்துக்கு 13 பிக்சல்கூடத் தேறாது. 'ஞ', 'ஐ' சுழிகள் ஒட்டிக்கொண்டு வெறும் புள்ளியாகிவிடுகின்றன. தமிழ் எழுத்துக்கு இது பெரிய இழப்பு.

ரீட்மீயில் விரிவாக எழுதினோம். பயனில்லை, ஏஜென்ட்டுக்குப் போவது டூலின் பெயர், டிஸ்கிரிப்ஷன், இன்புட் ஸ்கீமா (டூல் ஏற்கும் உள்ளீடுகளின் வரையறை) ஆகியவைதான். டிஸ்கிரிப்ஷனில் மாதிரி அழைப்பு ஒன்று வைத்தோம். அதிலிருந்த பின்னணி நிறத்தை எல்லாத் தளத்துக்கும் அப்படியே போட்டது. நிறத்தை எடுத்துவிட்டால் 180 பிக்சல் ஆப்பிள் டச் ஐகான் ஐபோனில் கறுப்புப் பின்னணியோடு வருகிறது. டூலை இரண்டாகப் பிரித்தால் முதலாவதை மட்டும் அழைத்துவிட்டு வேலை முடிந்தது என்கிறது. மேனிஃபெஸ்ட் (ஐகான்களைப் பட்டியலிடும் கோப்பு) உருவாவதே இல்லை.

பேடிங்கை ஸ்கீமாவிலிருந்தே எடுத்து, அளவுவாரியாக நிரலுக்குள் பூட்டி வைத்தவர்கள் யாராவது இருந்தால், லோகோவுக்குத் தக்கபடி மாற்றும் வழியை ஏஜென்ட்டுக்கு எந்த இடத்தில் எழுதித் தந்தீர்கள்?